அக்காவுக்குக் காது டெஸ்ட்

பஞ்சு என்ற பெயர் அவளுக்கு ஏழு வயதில் ஒட்டிக்கொண்டது. சளி பிடித்த போதெல்லாம் வலது காது ஒழுகும். அம்மா ஒரு பஞ்சு உருண்டையை வைத்து அடைத்துப் பள்ளிக்கு அனுப்புவாள். பெயரை வைத்தது மூன்று வயது மூத்த அக்கா. ஐம்பத்து மூன்று வயதாகியும், மருத்துவமனையின் காதுப் பிரிவில் இருபத்தாறு வருடம் ஊரார் காதைச் சோதித்து 'டெஸ்ட் மேடம்' என்று பேரெடுத்தும், அக்கா வந்துவிட்டால் வராந்தாவிலேயே மானம் போய்விடும்.

"பஞ்சு! எங்கடி இருக்க?"

"கத்தாதக்கா. இங்க வர்றவங்க எல்லாரும் கத்துவாங்க. நீயுமா?"

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. ஐம்பத்தஞ்சு தாண்டினா சர்டிஃபிகேட் வேணுமாம். ஏதாவது கோடு போட்டு டாக்டர் கையெழுத்து வாங்கிக் குடு. நாளைக்குக் காலைல ஷிஃப்ட்."

அக்காவுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. இருபத்திரண்டு வருடமாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதறி அழுகிறவர்களிடமிருந்து முகவரியைப் பிடுங்கி வண்டி அனுப்புகிறவள். மாமா போன பிறகு அந்த நாற்காலிதான் அவளை நிமிர்த்தி உட்கார வைத்தது. அது பஞ்சுவுக்கும் தெரியும். அக்கா வீட்டு டிவி எதிர் வீட்டுக்காரருக்கும் சேர்த்துச் செய்தி வாசிக்கிறது என்பதும் தெரியும்.

சோதனை அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். சுவரெல்லாம் மெத்தை, கனமான கதவு, நடுவில் ஒரு கண்ணாடி. உள்ளே உட்காருகிறவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பது விதி.

"பெட்டிக்குள்ள போட்டு மூடற மாதிரி இருக்கு. உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்துக்கறேனே," என்றாள் அக்கா.

விதியை யாருக்காகவும் தளர்த்தாத டெஸ்ட் மேடம் தானே உள்ளே போய் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். தடித்த ஒலி, மெல்லிய ஒலி, கொசு ரீங்காரம் போன்ற கீச்சொலி. அக்கா எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று அழுத்தினாள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. தாளின் உச்சியில் இரண்டும் நூல் பிடித்தாற்போல் போயின. பஞ்சுவுக்கு நெஞ்சு லேசானது. 'நான்தான் வீணா மனசைக் குழப்பிக்கிட்டேன்' என்று நினைத்தபடி தாளைக் கையில் எடுத்தாள்.

எடுத்த பிறகுதான் உறுத்தியது. ஐம்பத்தாறு வயதுக் காதுக்கு இருபது வயதுக் கோடு. உள்காதில் நத்தைக் கூடு மாதிரி ஒன்று சுருண்டிருக்கிறது. அதன் மயிரிழைகள் வயதாக ஆகச் சாயும், கீச்சொலியைப் பிடிக்கிறவை முதலில் சாயும். யாருக்கும் விலக்கில்லை. நிமிர்ந்தாள். கண்ணாடியில், அக்காவின் முகத்துக்கு மேலே மங்கலாகத் தன் முகமே தெரிந்தது. இரண்டு புருவமும் மேலே ஏறியிருந்தன.

அவள் ஒலி எழுப்பும் விசையில் விரலை வைத்தாள். அழுத்தவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

அக்கா பட்டனை அழுத்தினாள்.

பள்ளிக்கூடத்து மருத்துவ முகாம் அப்படியே கண்முன் வந்து நின்றது. டாக்டர் பின்னால் நின்று ஒரு சொல்லைக் கிசுகிசுப்பார், பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். இடது காதைப் பொத்திக்கொண்டு நின்ற பஞ்சுவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வரிசையிலிருந்து அக்கா உதட்டை அசைத்தாள். 'மாடு.' 'குடை.' 'பழம்.' டாக்டர் முதுகில் தட்டி அனுப்பினார். தங்கையைக் கேலியிலிருந்து காப்பாற்றிவிட்ட பெருமை அக்காவுக்கு. செவிப்பறையில் இருந்த ஊசி முனை ஓட்டை இன்னும் இரண்டு வருடம் யாருக்கும் தெரியாமல் பெரிதாகிக்கொண்டே போனது.

வெட்கமில்லாமல் சொல்வதானால், அந்த இரண்டு வருடம் போல் ஒரு காலம் அவளுக்கு அதன் பிறகு வாய்க்கவே இல்லை. தெருவில் அக்கா எப்போதும் அவளுக்கு வலப்பக்கமாகத்தான் நடப்பாள். சைக்கிள் மணி அடித்தால் முழங்கையைப் பிடித்து இழுப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் நாடகம் போடும்போது, குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு வசனமாக இடது காதில் திருப்பிச் சொல்வாள். அக்காவின் மூச்சும், அவள் தின்ற கடலை மிட்டாய் வாசனையும், ஒரு ராஜகுமாரியும் சேர்ந்தே வருவார்கள். எந்த நாடகத்திலும் வில்லனுக்குக் கணக்கு வாத்தியார் பேர்தான். ஒன்பது வயதில் ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னாலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். பிறகு பஞ்சு தானாகவே ரேடியோ கேட்டாள். நாடகம் சப்பென்று இருந்தது. பாதிக்கு மேல் அக்காவின் சரக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைச் சொல்லிக்காட்ட மனம் வரவில்லை. காது கிடைத்ததில் எதையோ தொலைத்துவிட்டதாக மட்டும் வெகுநாள் தோன்றிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தாள். "திரும்பி உக்காருக்கா. இன்னொரு தடவை."

"ஏன், நல்லாத்தானே வந்துச்சு?"

"என் மூஞ்சிக்கு வந்துச்சு. காதுக்குப் பாக்கணும்."

அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

தடித்த ஒலிகளுக்கு விரல் அசைந்தது. கீச்சொலிப் பக்கம் போகப் போக அசைவு நின்றது. முப்பது டெசிபல். நாற்பது. ஐம்பது. பஞ்சு ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள். அக்காவின் நரைத்த கொண்டையும், பட்டன் மேல் காத்துக் கிடக்கும் கட்டைவிரலும் மட்டும் தெரிந்தன. அறுபதில் விரல் லேசாகத் துடித்தது. கோடு பாதியில் மாடிப்படி மாதிரி கீழே இறங்கியது.

வெளியே வந்த அக்கா தாளைப் பார்த்தாள். பட்டனை அழுத்தின கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"முதல் தாளையே குடுத்துடேன் பஞ்சு. அதுவும் நீ எடுத்ததுதானே?"

"அக்கா..."

"ரெண்டு வருஷம்டி. அப்புறம் ரிட்டயர்மென்ட். வீட்ல உக்காந்து நான் என்ன பண்றது, சுவத்தோட பேசவா?"

பஞ்சு இரண்டு தாளையும் அருகருகே வைத்தாள். அக்கா தானாகவே குரலைத் தழைத்தாள்.

"போன வாரம் ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. அப்பாவுக்கு நெஞ்சு வலி. தெருப் பேரை மூணு தடவை சொல்ல வெச்சேன். நாலாவது தடவை அழுதுடுச்சு. பக்கத்து சீட்டுப் பொண்ணு என் லைனை இழுத்துக்கிட்டா. வண்டி போயிடுச்சு, அந்த ஆளும் பிழைச்சுட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "லைன் சரியில்லன்னு சொன்னேன்."

பஞ்சு முதல் தாளை நான்காக மடித்துக் கிழித்தாள். அக்கா அதைத் தடுக்கவில்லை.

"அன்னிக்கு முகாம்ல நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, உன் காது சீக்கிரமே சரியாயிருக்கும். அந்தக் கோவமாடி?"

"கோவமா? எனக்கு அந்த ரெண்டு வருஷம் திரும்பி வரணும் போல இருக்கும்க்கா. ஆனா ஒழுகினது என் காது மட்டும்தான். வேற யாரும் அதுல மாட்டிக்கல."

அக்கா கைப்பையிலிருந்து போனை எடுத்துத் தன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், நாளைக் காலை ஷிஃப்டுக்கு என்னைப் போடாதீங்க. ஆமா, டெஸ்டுக்குத்தான் வந்திருக்கேன்."

அந்தப் பக்கத்துக் குரல் ஏதோ வேகமாகப் பேசியது. பயிற்சிப் பிரிவு, புதிதாகச் சேர்ந்தவர்கள், நேரில் வந்து பேசுங்கள் என்று பஞ்சுவுக்கு எல்லாமே துல்லியமாகக் கேட்டது. அக்கா போனை ஏந்தியபடி தங்கையின் வாயைப் பார்த்தாள். புருவம் கேள்வியாக ஏறியது.

பஞ்சுவின் உதடு அசையத் துடித்தது. அவள் அதைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

"நீயே கேளுக்கா."

அக்கா முறைத்தாள். அம்மாவிடம் மாட்டிவிட்டபோது முறைத்த அதே முறைப்பு. அப்புறம் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சார், கொஞ்சம் நிதானமா, சத்தமாச் சொல்லுங்க. எனக்குக் காது சரியாக் கேக்கல."