பார்க்காத இருபது நிமிடம்

திங்கட்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு வந்த அந்த ஃபோனை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று சுமார் சார் அன்று மத்தியானத்துக்குள் மூன்று தடவை நினைத்துவிட்டார்.

சுமார் என்பது பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு விழுந்த பெயர். பதினாறு வருடமாக வாரம் ஒரு படம் பார்த்து விமர்சனம் எழுதுகிறவர். பத்தில் எட்டை 'சுமார் ரகம்' என்று ஓரமாகத் தள்ளிவிடுவார். "உங்களுக்காக கீபோர்டுல தனியா ஒரு பட்டனே ஒதுக்கியிருக்கேன் சார். தட்டினா அந்த வார்த்தை வந்து விழுந்துடும்" என்பார் பக்கம் வடிவமைப்பவர்.

"சார், போன வாரம் நீங்க எழுதின படத்தோட டைரக்டர் பேசறேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் உறுத்தியது. திட்டுகிறவர்களை அவருக்குப் பழக்கம்; திட்டி ஓய்ந்ததும் அவர்களே ஃபோனை வைத்துவிடுவார்கள். இந்தக் குரல், ஆஸ்பத்திரியில் ரிசல்ட் வாங்க வந்தவரின் குரல் மாதிரி அடக்கமாக இருந்தது.

"எழுதினதுல குறையே சொல்ல மாட்டேன் சார். ஒரே ஒரு சந்தேகம். க்ளைமாக்ஸ் எதிர்பார்த்தபடியே வந்து நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க என்ன எதிர்பார்த்தீங்க?"

சுமார் சார் ஃபோனை மறு காதுக்கு மாற்றினார். க்ளைமாக்ஸை அவர் பார்க்கவே இல்லை. அவர் மட்டும் இல்லை, பத்திரிகைக்காரர்களுக்குப் போட்ட காட்சியில் ஒருவருமே பார்க்கவில்லை. இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருக்கும்போது திரையில் ஒரு முகம் பாதி வாய் திறந்தபடி உறைந்து நின்றுவிட்டது. படக்கம்பெனி ஆள் ஓடிவந்து கையைப் பிசைந்தார். மிஷின் மக்கர் பண்ணுகிறது, மீதியை இன்னொரு நாள் போட்டுவிடுகிறோம், இப்போது சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். சாப்பிட்டார்கள். "மீதி என்ன நமக்குத் தெரியாததா?" என்று ஒருவர் கைகழுவிக்கொண்டே சொல்ல, வந்திருந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள். அந்த இன்னொரு நாள் வரவில்லை. ஆனால் பக்கம் அச்சுக்குப் போகும் நாள் டாணென்று வந்துவிட்டது. சுமார் சார் தன் கைவசம் எப்போதும் இருக்கும் ஒரு வரியை எடுத்துப் போட்டார். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற, ஃப்ரீ சைஸ் சட்டை மாதிரியான வரி.

"விமர்சனம் எழுதின இன்னும் நாலு பேர்கிட்ட கேட்டேன் சார். எல்லாருமே பார்த்தேன்னுதான் சொன்னாங்க. ஒருத்தர் கண் கலங்கிட்டாராம். நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்று வாய் முந்திக்கொண்டது.

"இன்னொரு தடவை பார்த்துடுங்களேன். இன்னைக்கோட தியேட்டர்லேர்ந்து எடுத்துடறாங்க. மத்தியான ஷோதான் கடைசி. நான் உள்ளே இருப்பேன்."

போகாவிட்டால் இதே குரல் நாளைக்கு ஆசிரியரின் அறையில் இதே அடக்கத்தோடு பேசும். சுமார் சார் போனார்.

நானூறு இருக்கை உள்ள அரங்கில் ஒரே ஒரு தலை தெரிந்தது. ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் மாதிரி படிய வாரியிருந்தார். "வாங்க சார்" என்று பக்கத்து இருக்கையின் தூசியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டார். அந்த மணிக்கட்டில், கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. முதல் பாதி முழுக்க அவர் திரையைப் பார்த்ததாகத் தெரியவில்லை. இருட்டில் தன் இடது கன்னத்தில் அந்தப் பார்வை ஈ மாதிரி ஊர்வதை சுமார் சார் உணர்ந்துகொண்டே இருந்தார்.

இடைவேளையில் இயக்குநர் முகம் கழுவப் போன நேரம் ஃபோன் அதிர்ந்தது. காலையில் வந்த அதே எண். ஆனால் ஒரு பெண் குரல்.

"அண்ணே, நீங்க யாருன்னு தெரியலை. என் வீட்டுக்காரர் ஃபோன்ல கடைசியா பேசின நம்பர் உங்களுது. வாட்ச், மோதிரம், பர்ஸ், ஃபோன் எல்லாத்தையும் மேசை மேல வரிசையா வச்சிட்டுப் போயிருக்கார். வீட்டுச் சாவியைக்கூட எடுத்துக்கலை. உங்ககிட்டேர்ந்தும் பதில் வரலைன்னா..." குரல் உடைந்தது. "முந்தாநாளே ஒரு மாதிரியா பேசினார் அண்ணே."

"இங்கதாம்மா இருக்கார். என்கூடதான். படம் பார்த்துட்டிருக்கோம்." தியேட்டர் பெயரையும் சொன்னார்.

"விட்டுடாதீங்கண்ணே. நான் கிளம்பிட்டேன். வந்து சேர ரெண்டு மணி நேரமாகும்."

இரண்டாம் பாதி அறுபத்தைந்து நிமிடம்தான்.

இயக்குநர் முகத்தில் சொட்டுச் சொட்டாய் நீரோடு வந்து உட்கார்ந்தார். "முடிஞ்சதும் உங்க தீர்ப்பைச் சொல்லுங்க சார். பொய் மட்டும் வேண்டாம். உங்க பொய் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், காலையில கேட்டுட்டேன். நீங்க சொல்றதை வச்சு, வீட்டுக்குப் போறதா வேற இடத்துக்குப் போறதான்னு முடிவு பண்ணிக்கறேன்."

"வேற எங்கே?"

"படம் போட்டுட்டாங்க சார்."

ஒரு படம் நன்றாக இருக்க வேண்டும் என்று சுமார் சார் வாழ்நாளில் வேண்டிக்கொண்டதில்லை. இப்போது வேண்டினார். நல்லா இருந்து தொலையேன், சனியனே! பதினோரு வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்த அப்பா, அவரை வீட்டுக்குள் சேர்க்காத மகன். போன தடவை உறைந்த இடம் வந்தது. பாதி திறந்திருந்த வாய் இந்த முறை முழுதாகத் திறந்து, வசனம் பேசியது. பேசிக்கொண்டே இருந்தது. மழை வந்தது. வயலின் வந்தது. மகன் அரிவாளை ஓங்கிய அதே வினாடியில் பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. கிடைத்தவுடன் அரிவாள் கீழே விழுந்தது. பார்க்காமல் எழுதிய வரி, அளவெடுத்துத் தைத்ததுபோல் இம்மி பிசகாமல் பொருந்தியது. பதினாறு வருடத்தில் அவர் எழுதிய விமர்சனங்களிலேயே நியாயமானது அதுதான்.

பெயர்கள் ஏற ஆரம்பித்தன. விளக்கு போடவில்லை.

"சொல்லுங்க சார்."

"அன்னைக்கு நான் இதைப் பார்க்கலை. பார்க்காமலேதான் எழுதினேன். தப்பு."

"அது தெரியும். இப்போ பார்த்தீங்களே."

கைவசம் இருந்த வார்த்தைகளையெல்லாம் சுமார் சார் அவசரமாகத் துழாவினார். நல்ல முயற்சி. பாராட்டலாம். ஒரு முறை பார்க்கலாம். ஒவ்வொன்றும் பூட்டுக்குச் சேராத சாவி மாதிரி கையில் வந்தது. பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். உண்மை சொன்னால்? திரையை மறுபடி மனதுக்குள் ஓட்டினார். மழை, வயலின், அரிவாள்... அப்போதுதான் அது அகப்பட்டது.

"ஒரு இடம் இருக்கு," என்றார். "அப்பாவும் மகனும் கட்டிப்பிடிச்சு அழறப்போ, பின்னாடி மகனோட அம்மா கீழே விழுந்த நாற்காலியை நிமிர்த்தறாங்க. உட்காரப் போறாங்க. உட்காரலை. முந்தானையால துடைச்சிட்டு பக்கத்துல நிக்கறாங்க. அது புருஷன் நாற்காலி. பதினோரு வருஷத்தையும் அந்த ஒரு துடைப்புல சொல்லிட்டாங்க. இது பொய் இல்லை சார்."

இயக்குநர் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது.

"உண்மைதான் சொல்றீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் கட் சொல்லிட்டேன் சார். அம்மாவா நடிச்சவங்களுக்குக் கேக்கலை. அவங்கபாட்டுக்கு செஞ்சாங்க, கேமராமேனும் ஓட விட்டுட்டார். வேண்டாம், தூக்குன்னு எடிட்டர்கிட்ட சண்டை போட்டேன். அவர்தான் பிடிவாதமா வச்சார். இந்தப் படத்துலயே நான் எடுக்காதது அது ஒண்ணுதான்."

எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ரொம்ப நன்றி சார்." தெருவுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு, திரைக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கதவை நோக்கி இறங்கினார்.

"சார், இருங்க! நில்லுங்க!" சுமார் சார் எழுந்ததில் முட்டி முன் இருக்கையில் மோதியது. சுற்றிக்கொண்டு போக நேரமில்லை. இருக்கைகளின் முதுகைத் தாண்டி, ஒவ்வொரு வரிசையாக ஏறி இறங்கினார். "உங்க வீட்டம்மா வந்துட்டிருக்காங்க! எனக்கு ஃபோன் பண்ணினாங்க!"

இயக்குநர் கதவைத் தள்ளினார். வெளியே கொளுத்திக்கொண்டிருந்த பிற்பகல் வெயில் உள்ளே பாய்ந்து திரை முழுவதும் விழுந்தது. ஏறிக்கொண்டிருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக வெளுத்து மறைந்தன. அந்த வெளிச்சத்தில், கதவைப் பிடித்த கையோடு, ஒரு கால் வாசற்படிக்கு வெளியே, ஒரு கால் உள்ளே, திரும்பாமல் நின்றார். இருவருக்கும் இடையில் இன்னும் ஆறு வரிசை இருந்தது.