காலி அடுக்குகள்

திண்டிவனம் மல்லாட்டை மண்டியில், எடைமேடைக்குப் பக்கத்திலிருந்த பெட்டியின் சுவிட்சை நோக்கி முதலாளி வெங்கடாசலத்தின் கை போனபோதே கலையரசி குரல் கொடுத்துவிட்டாள்.

"அணைக்காதீங்க சார். இன்னைக்கு மட்டும் சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும்."

"டீ டைம்ல ஆஃப் பண்றது வழக்கம்மா. மெசினும் கொஞ்சம் மூச்சு வாங்கணுமில்ல?"

அந்த வழக்கம்தான் ஒரு மாதமாக அவள் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டிருந்தது. விழுப்புரத்தில் மாடியறை ஒன்றில் இயங்கும், அவள் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி செய்து கொடுத்த பெட்டி அது. நிலக்கடலை மூட்டையை எடை போடும், படம் பிடிக்கும், ஏலத்தைப் பதியும், சீட்டு அடிக்கும். விலை மலிவு என்பதால் நினைவகமும் சின்னது. இடம் போதாதபோது, உடனே வேண்டாத விவரங்களைச் சுருக்கிப் பொட்டலமாக்கி ஒரு மூலையில் வைத்துக்கொள்வது அதன் கர்னல் என்கிற அடிப்படை மென்பொருளின் வேலை. பொட்டலங்கள் ஒரே அளவில் வந்து தொலையுமா? ஒன்று காலளவு, ஒன்று அரையளவு. ஆகவே அளவுவாரியாக அடுக்கு பிரித்து வைக்கவேண்டும். எடுக்க எடுக்க, அடுக்குக்கு ஒன்றோ இரண்டோ மிஞ்சிவிடும். ஒரே ஒரு பொட்டலம் உட்கார்ந்திருந்தாலும் அந்த அடுக்கு வேறெதற்கும் உதவாது. பஸ்ஸில் பத்துப் பேர்கூட ஏறியிருக்க மாட்டார்கள், சீட்டுக்குச் சீட்டு துண்டு கிடக்கும், அந்தக் கதைதான். கடைசியில் பெட்டி மூச்சுமுட்டி நின்றுவிடும்.

நின்றால் அணைத்துப் போடுவார்கள். உடனே எல்லாம் துடைத்துப்போய்ப் புதுசாக ஓடும். ஆனால் டீ நேரத்தில் கணக்கை முடித்துவிட்டு அணைப்பதுபோல இல்லை, அந்த வேளை போட்ட எடையும் கூடவே போய்விடும். இருதயராஜும் மற்ற சுமைக்காரர்களும் அத்தனை மூட்டையையும் திரும்பத் தூக்கி வைக்கவேண்டும். இருதயராஜ் கலையரசியின் அப்பா.

"ஒம் பொண்ணு மெசினு ஒன் முதுகுக்கே வேல வைக்குதுடா" என்று கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொள்வார். அவளுக்குத்தான் சோறு இறங்காது.

மிஞ்சிய பொட்டலங்களை ஒரே அடுக்கில் ஒதுக்கி மற்றவற்றைக் காலி செய்யும்படி இப்போது திருத்தி எழுதியிருந்தாள். அந்தத் திருத்தத்தில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் மனிதர்களின் கைமேல்தான். நடுவில் அணைத்துவிட்டால், பெட்டியைக் காப்பாற்றியது திருத்தமா சுவிட்சா என்று யாருக்குத் தெரியும்? கம்பெனி முதலாளி கோதண்டபாணி வேறு காலையிலேயே சொல்லிவிட்டார். "இன்னைக்கும் நின்னுச்சின்னா பெட்டிய எடுத்துக்கினு வந்துடும்மா. இந்தப் பேஜாரே வேணாம்."

வெங்கடாசலம் கையை இழுத்துக்கொண்டார். டீ முடிந்தது. மயிலம் பக்கமிருந்து டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. மூட்டைகள் ஏறின, இறங்கின, சீட்டுகள் வந்துகொண்டேயிருந்தன. மூட்டைமேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, பெட்டியின் வயிற்றுக்குள் நடப்பதைக் கலையரசி கவனித்துக்கொண்டிருந்தாள்.

பாதி வண்டி இறங்கியிருக்கும். திரை உறைந்தது.

மண்டியே திரும்பிப் பார்த்தது. எவரோ உச்சுக்கொட்டினார். வெங்கடாசலம் எழுந்தார்.

"நிக்கல சார். உள்ள ஒதுக்கிக்கினு இருக்குது. கொஞ்சம் பொறுங்க."

"ஒரு மாசமா பொறுத்தாச்சிம்மா."

அவர் சுவிட்சை எட்டுவதற்குள் இருதயராஜ் தோளிலிருந்த மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு வந்து, சுவிட்சின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். இத்தனை வருடத்தில் முதலாளி பேச்சுக்குக் குறுக்கே அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இருங்க மொதலாளி."

"தள்ளு இருதயராஜு. ஜனம் நின்னுக்கினு இருக்குது."

"மெசினு நின்னா திரும்ப நாங்கதான தூக்கணும்? தூக்கிக்கிறோம். எம் பொண்ணு சொல்லட்டும், அப்பறம் அணைக்கலாம்."

அப்பா அவள் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

மடிக்கணினியில் காலி அடுக்குகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியிருந்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மளமளவென்று. பெட்டியின் திரை மட்டும் இன்னும் அசையவில்லை. சொல்ல வாயெடுத்தவள், திரையும் அசையட்டும் என்று நிறுத்திக்கொண்டாள். செம்மண் அப்பிய அந்தக் கை சுவிட்சின்மேல் அப்படியே இருந்தது. வெங்கடாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு, காத்திருப்பதற்காக அந்தக் கைக்கெதிரே உட்கார்ந்தார்.