சுனந்தாபாய் வயலின் வெள்ளைப் புழுக்கள்

போசரி தொழிற்பேட்டையில் பூஞ்சையிலிருந்து பூச்சிமருந்து தயாரிக்கும் ஒரு சின்ன ஆலையில் ப்ரீத்தி வேலை பார்த்தாள். புழுவின் உடம்பில் முளைத்து அதைக் கொல்லும் பூஞ்சையைத் தட்டுகளில் வளர்த்துப் பொடியாக்குவது அவள் வேலை. வருடக்கணக்காகத் தட்டிலேயே வளர்ந்ததில் பூஞ்சைக்கு வீரியம் போய்விட்டது. ஆய்வுக்கூடத்துப் புழுக்கள் அந்தப் பொடியில் புரண்டு இன்னும் கொழுத்தன. வயலில் தானாகவே பூஞ்சை பிடித்துச் செத்த புழு கிடைத்தால் புதிதாகத் தொடங்கலாம். ஐந்து ஞாயிறு தேடியும் கிடைக்கவில்லை.

ஆறாவது ஞாயிறு, விடாத தூறலில், கணவன் கோகுல்நாத்தின் பைக்கில் ஜுன்னர் பக்கம் போனாள். அவன் கோயம்புத்தூர்க்காரன், ஹடப்சரில் ஐ.டி. வேலை. கல்யாணமாகி எட்டு மாதம்தான்.

அங்கே ஒரு சோயா வயலில் சுனந்தாபாய் என்ற அம்மாள் தூறல் விட்டதும் மருந்தடிக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது, புழுவுக்கும் இலைநோய்க்கும் சேர்த்தே அடிக்கப்போகிறேன் என்று மராத்தியில் சொன்னாள். ப்ரீத்தி பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள்.

மூன்றாவது வரிசையில், செடியின் உச்சி இலையில் ஒரு புழு சுண்ணாம்பில் முக்கியெடுத்ததுபோல் வெள்ளையாக விறைத்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அடுத்த செடியில் நான்கு. ஒன்றின் மேல் இளம்பச்சை மாவு பூத்திருந்தது.

"கோகுல், மெதுவா வா. எதையும் மிதிச்சிடாத."

அவன் குனிந்து பார்த்தான். "எல்லாம் செத்துக் கெடக்குது. இதுக்கு எதுக்கு உனக்கு இத்தன சிரிப்பு?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தாள். எழவே தோன்றவில்லை; சிரிப்பு அடங்கவில்லை. தூக்கிவிட வந்தவனும் பக்கத்தில் விழுந்தான்.

சேறும் சகதியுமாகப் போய்ச் சுனந்தாபாயின் கையைப் பிடித்தாள். இது புழுவுக்கு வந்த கொள்ளைநோய், செடிக்கு ஒன்றும் ஆகாது, இந்த ஈரத்தில் தானாகப் பரவும், நீங்கள் இலைநோய் மருந்தை அடித்தால் இந்தப் பூஞ்சைதான் முதலில் சாகும் என்று மூச்சு விடாமல் சொன்னாள். சுனந்தாபாய் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். புதன்கிழமை வரை பொறுக்கிறேன், அதற்குள் வயல் போனால் உன் வீட்டு வாசலில் வந்து உட்காருவேன் என்றாள்.

திரும்பும் வழியில் சாகண் ஊருக்குள் வண்டிகள் நகரவில்லை. வெள்ளைப் புழுக்களைச் சேகரித்த டப்பாவை மழைக்கோட்டுக்குள் அணைத்தபடி ப்ரீத்தி பாடிக்கொண்டே வந்தாள். என்ன விசேஷம் என்று பக்கத்து ஆட்டோக்காரர் கேட்க, டப்பாவைத் திறந்தே காட்டிவிட்டாள்.

புதன்கிழமை சுனந்தாபாயே போன் செய்தாள். வீட்டோடு வயலில் இறங்கி வெள்ளைப் புழுக்களை எண்ணினார்களாம். முந்நூறுக்கு மேல் ஆளுக்கொரு கணக்குச் சொல்ல, விட்டுவிட்டார்களாம். மருந்து பரண் மேல் ஏறிவிட்டது.

புதுப் பூஞ்சை தட்டில் வளர்ந்து, ஆய்வுக்கூடத்துக் கொழுத்த புழுக்களின் மேல் விழ மூன்று வாரம் ஆயிற்று. அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலை அத்தனையும் வெளுத்து விறைத்திருந்தன. ப்ரீத்தி உடனே கோகுல்நாத்தை அழைத்தாள். அவன் அலுவலகக் கூட்டத்தில் இருந்தான்.

"செத்துருச்சா? எல்லாமேவா?" என்று கத்திக்கொண்டு எழுந்தான். யார் போனது என்று பதறிக் கேட்டவர்களிடம், "புழுங்க, எல்லாம் புழுங்க" என்று அவன் சிரித்தான்.