ஓநாய்க்கு வைத்த இறைச்சி

அந்தப் படம் முதலில் மலேசியாவில் மெர்லிமாவ் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக் கோயிலின் வாட்சாப் குழுவில்தான் வந்தது. சாம்பல் நிற ஓநாய் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ‘மெர்லிமாவ் பக்கம் ஓநாய் இறங்கிவிட்டது. ஆடு மாடு வைத்திருப்பவர்கள் கவனம்’ என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். அன்று மாலைக்குள் தோட்டத்து வீடுகளில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான் வீரமுத்துவின் கொட்டகையில் மூன்று ஆடுகள் கழுத்து கடிபட்டுச் செத்துக் கிடந்தன. அதனால் படத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகமே எழவில்லை.

படம் சுற்றிச் சுற்றி பாயா ரும்புட் என்ற ஊரில் இருந்த திலகவதிக்கும் வந்து சேர்ந்தது. அவள் பக்கத்து ஊரான பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். வார இறுதிகளில் அவளுக்கு வேறொரு வேலை உண்டு. காட்டில் வாழும் செந்நாய்களைக் காப்பாற்றப் பாடுபடும் ஒரு சிறிய குழுவோடு சேர்ந்து, தமிழ்ப்பள்ளிகளுக்கும் மண்டபங்களுக்கும் போய்ப் பேசுவாள். ஒருமுறை பகாங் காட்டுக்குப் போயிருந்தபோது, செந்நாய்கள் ஒன்றையொன்று விசிலடித்துக் கூப்பிடுவதைக் கேட்டவள் அவள். குரைக்காமல் விசிலடிக்கும் நாய். அந்தச் சத்தம் அதன் பிறகு அவளை விடவில்லை. நாட்டில் அவை மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன என்றும், பயத்தில் மனிதர்கள் வைக்கும் விஷத்தாலும் அவை சாகின்றன என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

ஓநாய் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். விசாரித்து, கோயில் தலைவர் பரமேஸ்வரனின் எண்ணைப் பிடித்துப் பேசினாள்.

“வாம்மா, ஞாயித்துக்கெழம காலைல பூச முடிஞ்சி எல்லாரும் மண்டபத்துலதான் இருப்பாங்க” என்றார் அவர். “ஆனா ஒண்ணு, ஆளுங்க கோவமா இருக்காங்க. அப்பறம் நான் சொல்லலன்னு நெனைக்காத.”

அவர் சொன்னது சரிதான். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். ஒருவர் முகமும் நன்றாக இல்லை. திலகவதி அந்த வாட்சாப் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டாள்.

“ஓநாயோட காலுக்குக் கீழ வெள்ளையா இருக்கே, அது என்னா சொல்லுங்க?”

எல்லாரும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் சொன்னாள், “பனிதான்லா! ஐஸு!”

“மெர்லிமாவுல எப்பக்கா பனி கொட்டுச்சி?”

மண்டபம் சிரித்தது. திலகவதிக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. மலேசியக் காட்டில் ஓநாயே கிடையாது, இருப்பது செந்நாய்தான், அதுவும் தூரத்துப் பெருங்காடுகளில்தான் என்று விளக்க ஆரம்பித்தாள். அப்போது வீரமுத்து எழுந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். செம்பனைக் குலை வெட்டி உரமேறிய தோள்கள்.

“ஓநாயோ செந்நாயோ, பேரு எதுவா இருந்தா எனக்கென்னாம்மா? கழுத்து கடிபட்டுச் செத்தது என் ஆடுங்க. ஒண்ணு சென ஆடு. அதுவும் படத்துல வந்த பொய்யா?”

சிரிப்பு நின்றுவிட்டது.

“பொய் இல்லண்ணே” என்றாள் திலகவதி. “மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீங்க சொல்ற கடியப் பாத்தா தெரு நாய்ங்களா இருக்கும்னு தோணுது. நிச்சயமா சொல்ல முடியல. கொட்டகைகிட்ட கேமரா வச்சிப் பாத்துடலாம்.”

“கேமரா வச்சிப் படம் எடுக்கவா?” என்றார் இன்னொருவர். “இறைச்சில வெச மருந்து வச்சா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும் வேல.”

பல தலைகள் ஆடின. அடுத்துக் காட்ட வேண்டிய படங்கள் இன்னும் நிறைய இருந்தன. காடு எப்படிச் சமநிலையில் இருக்கிறது என்று வட்டம் போட்டு விளக்கும் படங்கள். இந்த மனிதர்களிடம் இப்போது அதையெல்லாம் காட்டுவதில் அர்த்தமில்லை என்று அவளுக்குப் புரிந்தது. திரையை அணைத்துவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

“நான் ஒரு எடத்துக்குப் போனேன். செந்நாய்க்குன்னு இறைச்சி வச்சிருந்தாங்க. செந்நாய் செத்துச்சி. அது பக்கத்துலயே உடும்பு செத்துக் கெடந்துச்சி. கொஞ்சம் தள்ளி, வச்சவரோட சொந்த நாயி. மருந்துக்கு யாரு வாயின்னு தெரியாதுண்ணே.” சற்று நிறுத்தினாள். “இந்தச் செம்பனைக்குள்ள தெனம் யாரெல்லாம் நடக்கிறீங்க?”

உதிர்ந்த பழம் பொறுக்கப் போகும் பெண்கள் கை தூக்கினார்கள். மாடு ஓட்டிப் போகிறவர் தூக்கினார். “புள்ளைங்க ஸ்கூலுக்குக் குறுக்கால அதுலதான் போவுதுங்க” என்றது ஒரு குரல். “விளையாடுறதும் அங்கதான்” என்றது இன்னொன்று.

வீரமுத்து இன்னும் நின்றுகொண்டே இருந்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் போய்விட்டிருந்தது.

“வச்சிட்டேன்” என்றார். யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார். “நேத்து சாயந்தரமே வச்சிட்டேன்.”

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பெண்கள் கைக்குக் கிடைத்த பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீடுகளுக்கு ஓடினார்கள். ஆண்கள் வீரமுத்துவின் பின்னால் செம்பனைக்குள் இறங்கினார்கள். திலகவதி கையுறையும் மூடி போட்ட வாளியும் வாங்கிக்கொண்டு அவர்களோடு போனாள்.

நான்கு இடத்தில் வைத்ததாக வீரமுத்து சொன்னார். கொட்டகைக்குப் பின்னால் வைத்தது அப்படியே இருந்தது. வேலி ஓரத்தில் இருந்ததும் கிடைத்தது. காய்ந்த மட்டைக் குவியலுக்கு அடியில் இருந்ததை எறும்பு மொய்த்திருந்தது. நான்காவதை வாய்க்கால் பாலத்தடியில், பிள்ளைகள் நடக்கும் ஒற்றையடிப் பாதைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“இங்கதான் வச்சேன். இங்கதான்.” புல்லைக் கையால் விலக்கி விலக்கிப் பார்த்தார். மண்ணில்கூட ஒரு தடம் தெரியவில்லை.

பரமேஸ்வரன் கோயிலுக்கு ஓடி ஒலிபெருக்கியைப் போட்டார். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாருங்கள், நாயைக் கட்டுங்கள், வாய்க்கால் பாலத்தடியில் வைத்த மருந்து இறைச்சியைக் காணோம் என்று அவர் குரல் தோட்டம் முழுவதும் கேட்டது. வாய்க்கால் கரையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. வீரமுத்து அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். திலகவதி பாலத்தின் மறுபக்கம் இறங்கித் தேடத் தொடங்கினாள்.

அப்போதுதான் வீடுகள் பக்கமிருந்து ஒரு பெண் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். வீரமுத்துவின் மனைவி கமலவேணி.

“நான் எடுத்துட்டேன்!” என்று தூரத்திலிருந்தே கத்தினாள். “அத நான் எடுத்துட்டேன்!”

பக்கத்தில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். “நேத்து இவரு மோட்டார் சைக்கிள்ல வாளியோட போறதப் பாத்தேன். பின்னாலயே நடந்து வந்தேன். பாலத்துகிட்ட இருந்தது மட்டுந்தான் கண்ணுல பட்டுச்சி. எடுத்து பாத்ரூமுக்குப் பின்னால ஆழமாக் குழி தோண்டிப் பொதச்சி, மேல அம்மிக்கல்லப் பொரட்டிப் போட்டுட்டேன். மத்தது எங்கன்னு தெரியல.”

“எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?” என்றார் வீரமுத்து.

“சொன்னா கத்துவீங்க. கத்திட்டு மறுபடி கொண்டு போயி வப்பீங்க.” திலகவதியைப் பார்த்துத் திரும்பினாள். “கூட்டம் முடிஞ்சதும் ஒங்ககிட்ட தனியாச் சொல்லலாம்னு இருந்தேன்மா. அத்தன பேருக்கு முன்னால இவரக் காட்டிக் குடுக்க வாய் வரல. இவரே சொன்னதும் பொதச்சது அப்படியே இருக்கான்னு பாக்க வீட்டுக்கு ஓடிட்டேன், மைக்குல கேட்டதும் ஓடியாரேன்.”

வீரமுத்து சேற்றுக் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. “நல்ல வேல செஞ்ச கமலா” என்றார். “நல்ல வேல செஞ்ச.” சுற்றி நின்றவர்களில் ஒருவர் பெருமூச்சு விட்டார். அது தொற்றிக்கொண்டதுபோல எல்லாரும் மூச்சு விட்டார்கள். யாரோ சிரித்தார்கள். ஒலிபெருக்கியில் பரமேஸ்வரன் இன்னும் வீடு வீடாகப் பேர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். “யாராச்சும் போயி தலைவர நிறுத்தச் சொல்லுங்கப்பா!” என்று ஒருவர் கத்த, இரண்டு பேர் சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

புதைத்ததையும் தோண்டி எடுத்து, நான்கையும் வாளியில் போட்டு மூடி, மறுநாள் வனவிலங்கு இலாகாவில் ஒப்படைத்தார்கள். வீரமுத்து திலகவதியைக் கூட்டிக்கொண்டு தானே போனார். அதிகாரி அவரை உட்கார வைத்து நன்றாகக் கண்டித்து அனுப்பினார். வாசலுக்கு வந்ததும் அவர் திலகவதியிடம், “ரெண்டு அடி போட்டிருந்தாக்கூட வாங்கியிருப்பேன்மா” என்றார்.

கொட்டகை ஓரம் வைத்த கேமராவில் அடுத்த வாரம் விடை கிடைத்தது. ஐந்து நாய்கள். ஒன்றின் கழுத்தில் கிழிந்த சிவப்புப் பட்டை இருந்தது. பக்கத்தில் புதிதாக வந்த தாமான் குடியிருப்பில் இருந்த யாரோ வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போனவை. திலகவதியின் குழு ஒரு நாய்க் காப்பகத்திடம் பேசி, கூண்டு வைத்து ஒவ்வொன்றாகப் பிடிக்க ஏற்பாடு செய்தது. ஆண்கள் இரண்டு சனிக்கிழமை சேர்ந்து, கொட்டகையைச் சுற்றிக் கம்பிவலையை உயர்த்தி, அடியில் மண்ணுக்குள்ளும் இறக்கிக் கட்டினார்கள்.

கேமராவில் இன்னொன்றும் பதிவாகியிருந்தது. புள்ளி புள்ளியாய் ஒரு சிறுத்தைப்பூனை, வாயில் பெரிய எலியோடு, வேலிக்கு அந்தப் பக்கமாக நடந்து போனது. வீரமுத்து அதை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார்.

“இது அந்த எறைச்சியத் தின்னிருக்கும்ல?”

“தின்னிருக்கும்ண்ணே.”

அவர் கைப்பேசியைப் பரமேஸ்வரனிடம் கொடுத்து, இதைக் கோயில் குழுவில் போடச் சொன்னார். “ஓநாய் படத்த அனுப்புனவங்க எல்லாருக்கும் இது போகணும், தலைவரே.”

கடைசி நாயும் கூண்டுக்குள் வந்த அன்று, கமலவேணி திலகவதியைச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள். நெத்திலி சம்பலும் கீரையும் சோறுமாகச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் வெளியே வந்தபோது, வீரமுத்து கொட்டகையின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். ஆடுகள் செத்த நாளிலிருந்து மற்றவற்றை அவர் மேய விட்டதே இல்லை. கதவு திறந்தும் ஆடுகள் வாசலிலேயே தயங்கி நின்றன. கிழட்டுக் கிடாய் ஒன்று முதலில் தலையை நீட்டி மோப்பம் பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. பின்னாலேயே குட்டிகள் முட்டி மோதிக்கொண்டு ஓடின. செம்பனை நிழலில் அவை பிரிந்து புல்லைக் கடிக்கும் சத்தத்தை மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.