வேலிக்கு அந்தப் பக்கத்து நீதிபதி

...ஆக வெர்னன் ஹோல்ஸ்டாட் கூட்டாட்சி நீதிபதி ஆகப்போகிறார், ஆயுசுக்கும் யாரும் இறக்கிவிட முடியாத நாற்காலி, அதற்கு ஆள் யோக்கியர்தானா என்று பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் விசாரிக்க எஃப்.பி.ஐ.யிலிருந்து ஒரு பெண் வந்து என் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள், காபியைத் தொடவில்லை, குடித்தால் லஞ்சமாகிவிடுமோ என்னவோ... "குடிப்பழக்கம் உண்டா மேடம்?" எங்கே, நானும் அவர் குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒரு பீர் பாட்டில் அகப்படவில்லை. சட்டக் கல்லூரியிலேயே அவரைப் பிடித்த ஆசை இந்த நாற்காலி, முதலில் ஒரு கிழட்டு நீதிபதிக்கு உதவியாளர், அப்புறம் அரசு வழக்கறிஞர், செனட்டர் வரும் விருந்துக்கெல்லாம் டை கட்டி நின்று, புல்வெளியில் தேர்தல் பலகை நட்டு, கட்சிக் காற்று மாறியதும் ராவோடு ராவாகப் பிடுங்கி, கடைசியில் ஜாமீன் மனு பார்க்கும் கீழ்மட்ட நீதிபதி... ஜனாதிபதிகள் வந்தார்கள், போனார்கள், பெரிய நாற்காலிக்கு இவர் பெயரை இதுவரை யாரும் சொல்லவில்லை, ஆனாலும் சருகு கூட்டும்போதுகூட கறுப்பங்கி போட்ட நடைதான்.

"யார்கூடயாவது மனஸ்தாபம்?" சொல்லலாமா டெரிக் விஷயத்தை... என் மகன் மாத்திரை விற்றுப் பிடிபட்டபோது இவர் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள், தெரிந்த பையன், நான் விசாரிக்கக் கூடாது என்று விலகிக்கொண்டார், வேறொருவர் வந்து ஜாமீனை மறுத்தார், சரி, சட்டம் அப்படி, வழக்கிலிருந்து விலகு, வேலியிலிருந்துமா விலகுவாய்? ஒவ்வொரு குளிர்காலமும் உன் வாசலில் பனி தள்ளிய பையனய்யா... அதற்கப்புறம் எனக்கு ஒரு கையசைப்பு இல்லை. அவர் மனைவி இறந்தபோது நான்தான் கோழியும் நூடுல்ஸும் சமைத்துக் கொண்டுபோனேன், மறுநாள் கழுவிய பாத்திரம் என் வாசற்படியில் இருந்தது, மணிகூட அடிக்கவில்லை, குற்றவாளியின் தாயோடு பேசினால் பதவியில் கறை ஒட்டுமே. இப்போது ஒரு வார்த்தை போதும், கல்நெஞ்சுக்காரர் என்று இவள் எழுதிக்கொண்டால் வாஷிங்டனில் யாராவது ஒருத்தர் புருவம் தூக்கமாட்டாரா...

"தயங்காம சொல்லுங்க மேடம். தன்னை நல்லா தெரிஞ்சவங்கன்னு அவர் முதல்ல சொன்னதே உங்க பேரைத்தான்."

என் பெயரா... முகம் பார்த்துப் பேசியே வருஷக்கணக்காகிறது... "வேற யாருமே இல்லையா அந்த மனுஷனுக்கு?" என்றேன், அவள் பேனாவைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே அவர் குப்பைத் தொட்டியைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார், இந்தப் பக்கம் திரும்பவில்லை, திரும்பக் கூடாது, சாட்சியைக் கலைத்ததாகிவிடும் இல்லையா... "என் மகனுக்கு என்ன செஞ்சாரோ அதையேதான் எல்லாருக்கும் செய்வார், எழுதிக்கோம்மா" என்றேன், டெரிக் வழக்கு ஏற்கெனவே அவள் கோப்பில் இருக்கிறதுபோல, "பாரபட்சம் இல்லாதவர்" என்று சொல்லிக்கொண்டே அவளும் எழுதிக்கொண்டாள், தலையை ஆட்டி, திருப்தியாக... நான் என்ன சொல்லிவிட்டேன்?