அலமாரிக்குப் போட்ட பூட்டு

ஆபரேஷன் செய்து ஏழு மாதமாகியும் குதிகால் புண் ஆறவில்லை. காரணம் வாய்தான் என்று சர்ஜன் எப்போதோ முடிவு கட்டிவிட்டார். பஸ் ஓட்டி ரிட்டயரான அந்தச் சர்க்கரை நோய்க்காரப் பெரியவர் திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறார், அவ்வளவுதான். போன மாதம் சர்ஜன் மருமகளை வைத்துக்கொண்டே போட்டு உடைத்தார்: "நீங்க வாயைக் கட்டலைன்னா நான் எத்தனை தடவை கத்தி எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல."

"சத்தியமா தொடல டாக்டர்," என்றார் பெரியவர். யார் நம்பினார்கள்? மருமகள் அன்றே சமையலறை அலமாரிக்குப் பூட்டு போட்டாள்.

இன்று மறுபடியும் ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தார். இதயத்தில் இரண்டு ஸ்டென்ட், சோர்ந்துபோன சிறுநீரகம். முழு மயக்கம் கொடுத்தால் ஆள் எழுந்திருப்பது சந்தேகம் என்று கால் மட்டும் மரத்துப்போகும்படி ஊசி போட்டிருந்தார்கள். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் அவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார். இதிலும் தேறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதாகப் பேச்சு.

சர்ஜன் செத்த சதையைச் சுரண்டிக்கொண்டே போனார். குதிகாலின் ஆழத்தில், சதை மூடிய ஒரு பொந்து. இடுக்கியில் ஏதோ சிக்கியது. இழுக்க இழுக்க விரல் நீளத்துக்கு வந்தது. ரத்தத்தை உறிஞ்சப் புண்ணுக்குள் வைக்கும் காஸ் துணி, அழுகிக் கறுத்துப்போய்.

இப்படி எத்தனை துணித்துண்டு வைத்தாலும் நோட்டில் எழுத வேண்டும். எழுத மறந்த நர்ஸுகள் மீது எரிந்து விழுபவரே அவர்தான். முதல் ஆபரேஷனில் ரத்தம் நிற்காமல், அவசரத்தில் கடைசித் துண்டைத் தன் கையாலேயே திணித்தது இப்போது நினைவுக்கு வந்தது. எழுதச் சொல்லவில்லை.

எதிரே நின்ற நர்ஸ் தட்டை நீட்டிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். துணியை அதில் போட்டு மூடிவிட்டால் போதும், அவள் வாயைத் திறக்க மாட்டாள். அது தனக்கு இவ்வளவு நன்றாகத் தெரிந்திருப்பதே அவருக்குக் கேவலமாக இருந்தது.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும்," என்றது திரைக்கு அப்பாலிருந்து குரல்.

"சொல்லுங்க."

"பூட்டு போட்ட பிறகு நானும் யோசிச்சுப் பாத்தேன். எனக்கே தெரியாம எதையாவது வாயில போட்டுட்டேனோ என்னவோ, வயசாச்சுல்ல. படிச்சவங்க நீங்க சும்மாவா சொல்வீங்க? மன்னிச்சுடுங்க."

முகக்கவசத்துக்குள் சர்ஜனின் முகம் கொதித்தது. எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

"தட்டை மூடாதீங்க சிஸ்டர். நோட்டுல எழுதுங்க, என் பேரையும் சேத்து," என்றவர், திரையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார்.

"ஐயா, நீங்க எதையும் வாயில போடல. உள்ள துணி இருந்துச்சு. போன தடவை நான் வச்சு மறந்த துணி."

பெரியவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

"இதை மருமககிட்டயும் நீங்களே சொல்லிடுங்க டாக்டர்," என்றார். "நான் சொன்னா நம்ப மாட்டா."