தட்டி நேராக்கிய காசு

ஞாயிறு காலை பத்து இருபதுக்கு இந்திரகுமார் ரோவிலில் தருமராசா அங்கிளின் வீட்டு மணியை அடித்தான். அங்கிள் முதல்நாள்தான் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பியிருந்தார்.

இந்திரகுமாரால் போக முடியாது. படகில் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து பதின்மூன்று வருடம். அவனுடைய விசாவோடு வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். அதனால் ஒரு காசை அங்கிளிடம் கொடுத்தனுப்பினான்.

பழைய வெள்ளி ஆறு பென்ஸ் நாணயம். வழக்கத்தைச் சொன்னவன் பட்டறையில் கூட வேலை செய்யும் வெள்ளைக்காரன் கென். அவனுடைய ஆட்கள் அந்தக் காலத்தில் காசை இரண்டு இடத்தில் வளைத்துப் பெண்ணிடம் கொடுப்பார்களாம். வைத்துக்கொண்டால் சம்மதம். திருப்பித் தந்தால் இல்லை.

சாவகச்சேரியில் அவன் விரும்பிய கமலினிக்குச் சுவிஸ் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். இந்திரகுமார் குறட்டால் காசை வளைத்தான். ஃபோனில் அவளிடம் வழக்கத்தை விளக்கிச் சொன்னான்:

“வளைச்ச காசு ஒண்டு வரும். அதுதான் என்ர கேள்வி. மறுமொழியையும் அதாலயே சொல்லும்.”

மூன்று வாரமாக அவள் ஃபோன் எடுக்கவில்லை.

அங்கிள் ஒரு கடித உறையை மேசையில் வைத்தார். உள்ளே காசு. தட்டையாக, பளபளவென்று.

“இது என்ர காசில்லை, அங்கிள்.”

“உம்மடதுதான். நெளிஞ்செல்லே கிடந்தது. ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு நெளிஞ்ச காசே குடுக்கிறது? கஸ்தூரியார் வீதியில நகை செய்யிற பத்தரிட்டக் குடுத்துத் தட்டி நேராக்கினன்.”

“இவர் நேராக்கப் போய்த்தான் என்ர இடியப்ப உரல் உடைஞ்சது,” என்றார் அங்கிளின் மனைவி நாகபூசணி அன்ரி குசினியிலிருந்து.

“கமலினி என்ன சொன்னவ?”

“ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தா. வளைஞ்சிருக்கேல்லையோ எண்டு கேட்டா. நான் உம்மை விட்டுக்குடுப்பனே? தம்பி நேரான காசுதான் தந்துவிட்டவர் எண்டு சொன்னன். சரி எண்டிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தா. வெளிக்கிடேக்க காசைத் திருப்பித் தந்திட்டா.”

அன்ரி தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

“போன வெள்ளி கலியாணப் பதிவும் முடிஞ்சுது, சுவிஸ் மாப்பிள்ளையோட,” என்றார் அங்கிள். “நானும் போனனான். ஆட்டிறைச்சி அருமை.”

இந்திரகுமார் காசை யன்னல் பக்கம் பிடித்தான். வளைவு இருந்த இடங்களில் மயிரிழை போல இரண்டு கோடுகள். காசைச் சட்டைப் பையில் போட்டான். தேநீரில் ஆடை படிந்திருந்தது. அதை ஒதுக்காமல் குடித்தான்.

அங்கிள் அவனுடைய முகத்தைப் பார்த்தார்.

“நேராக்கினது பிழையே, தம்பி?”